புதிதாக அங்கீகாரம் பெற்ற சட்டப் படிப்புக்காகத் திருகோணமலையை விட்டுப் போகலாமா? படிப்படியான வழிகாட்டி

உயர்தரப் பெறுபேறு வந்து இரண்டு கிழமைக்குள் யாராவது ஒரு பிள்ளை அப்பா அம்மாவோடு எங்கள் அலுவலகத்துக்கு ஆலோசனை கேட்டு வந்துவிடும். கையில் ஒரு பளபளப்பான கையேடு இருக்கும். "அக்கா, இப்பதான் இவங்களுக்கு அங்கீகாரம் கிடைச்சிருக்காம். கொழும்புக்குப் போகட்டா?" என்று கேட்பார்கள். கொஞ்சம் பேசிப் பார்த்தால், வெள்ளவத்தையில் அறைக்கு ஏற்கெனவே முற்பணம் கொடுத்திருப்பார்கள். கடைசியில் செய்யவேண்டியதை முதலில் செய்துவிட்டு, முதலில் கேட்கவேண்டியதைக் கடைசியில் கேட்க வருகிறார்கள்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒரு படியில் பதில் "இல்லை" என்று வந்தால் அடுத்த படிக்கான பணமும் அலைச்சலும் மிச்சம். வரிசைக்குக் காரணம் அதுதான்.

ஒரு சொல்லை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். இந்த வழிகாட்டியில் "சட்டக் கல்லூரி" என்றால் கொழும்பு புதுக்கடையில் இருக்கும் இலங்கை சட்டக் கல்லூரி மட்டுந்தான். சட்டப் பட்டம் படிப்பிக்கும் மற்ற இடங்களை "நிறுவனம்" என்கிறேன். இரண்டும் ஒன்று என்று நினைப்பதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது.

தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், மாவட்ட நிலையும் இசட் புள்ளியும், பட்டத்தின் முழுப் பெயர், அதை வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயர், நீங்கள் சேரப்போகும் உள்வாங்கலின் (புதிய மாணவர்களைச் சேர்க்கும் சுற்றின்) மாதமும் ஆண்டும். கடைசி மூன்றும் கையேட்டில் தெளிவாக இல்லாவிட்டால் அதை ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். தெளிவாகச் சொல்லக்கூடியதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒரு கொப்பியும் வேண்டும். யாரிடம் எப்போது என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று திகதி போட்டு எழுதுங்கள். மூன்றாவது கிழமையில் எல்லாம் கலந்துபோகும்.

1. எந்த வேலைக்காக இந்தப் படிப்பு என்று ஒரு வரியில் எழுதுங்கள்

"சட்டம் படிக்க ஆசை" என்பது போதாது. திருகோணமலை நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டுப் போட்டு நிற்கவேண்டுமா? நிர்வாக சேவைப் பரீட்சைக்கு ஒரு பட்டம் வேண்டுமா? வங்கியிலோ தொண்டு நிறுவனத்திலோ சட்டப் பிரிவில் வேலையா? வெளிநாட்டில் குடியேறி அங்கே தொழில் செய்யும் எண்ணமா?

இதை முதலில் எழுதச் சொல்வதற்குக் காரணம், இந்த நான்குக்கும் தேவையான அங்கீகாரம் வேறு வேறு. நிர்வாக சேவைக்குப் போதுமான பட்டம் நீதிமன்றத்துக்குப் போதாமல் போகலாம். எழுதாமல் தொடங்குகிறவர்கள், விற்கிறவர் எந்தக் கதவைக் காட்டுகிறாரோ அந்தக் கதவே தங்களுக்கு வேண்டியது என்று நம்பிவிடுகிறார்கள்.

அப்பாவும் அம்மாவும் பிள்ளையும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள் என்று சொல்வேன். ஒரு வீட்டில் அப்பா "நீதவான்" என்று எழுதினார், மகள் "கொம்பனியில் வேலை" என்று எழுதினாள். அன்று அவர்கள் வீடு மாறுவதைப் பற்றிப் பேசவேயில்லை. அதுவும் நல்லதுதான்.

2. "அங்கீகாரம்" என்றால் யார், எதை, எதற்காக அங்கீகரித்தது என்று பிரித்துப் பாருங்கள்

இந்தப் படியில் ஒரு கிழமை செலவழித்தாலும் வீணில்லை. அங்கீகாரம் ஒரே பூட்டு அல்ல. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கதவுகள், மூன்று சாவிகள்.

முதல் கதவு, பட்டம் பட்டமாக மதிக்கப்படுவது. அரச பல்கலைக்கழகமென்றால் கேள்வி இல்லை. இலங்கையில் உள்ள அரசசாரா நிறுவனம் தன் பெயரிலேயே பட்டம் கொடுப்பதானால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அமைச்சரின் கட்டளை வர்த்தமானியில் வந்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இங்கிருந்து படிப்பதானால் பார்வை வேறு: அந்தப் பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் கையேட்டிலோ இருக்கிறதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்க்கும்.

இங்கே பெரும்பாலானவர்கள் விடும் பிழை ஒன்று உண்டு. 25அ பிரிவின் கீழ் நிறுவனத்துக்கு மொத்தமாக அங்கீகாரம் கொடுத்துவிட்டுப் போவதில்லை. எந்தெந்தப் பட்டங்களை வழங்கலாம் என்று பெயர் சொல்லித்தான் வரும். வணிக முகாமைத்துவப் பட்டத்துக்கு வந்த வர்த்தமானியை வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, அதே அறையில் சட்டப் பட்டத்துக்குப் பிள்ளை சேர்ப்பார்கள். நான் விழுந்தது இந்தக் குழியில்தான். ஊரை விட்டுப் போய் எட்டு மாதம் படித்த பிறகு, சட்டப் பட்டத்துக்கான விண்ணப்பம் "பரிசீலனையில் இருக்கிறது" என்று சொன்னார்கள். ஒரு வருடமும் அப்பாவின் ஊழியர் சேமலாப நிதியில் பாதியும் போயின. அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். சுவரில் மாட்டியிருந்த தாளை முழுதாக வாசிக்காதது என் பிழையும்தான்.

ஆகவே வர்த்தமானியின் இலக்கத்தையும் திகதியையும் கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் பட்டத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது கதவு, சட்டக் கல்லூரி. சட்டத்தரணி ஆகவேண்டுமானால் இந்த வழியாகத்தான் போகவேண்டும். அதை நடத்துவது சட்டக் கல்விப் பேரவை. அதற்கென்று 1900ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒன்று இருக்கிறது, ஆணைக்குழுவின் அனுமதி அதைக் கட்டுப்படுத்தாது. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களிலும் திறந்த பல்கலைக்கழகத்திலும் சட்டமாணிப் பட்டம் (LLB) முடித்தவர்கள் நுழைவுப் பரீட்சை எழுதாமல் சட்டக் கல்லூரிக்குப் போகிறார்கள். மற்றப் பட்டங்களோடு வருகிறவர்களுக்கு எதில் விலக்கு, எதை எழுதவேண்டும் என்பதைப் பேரவை தீர்மானிக்கும். "எங்கள் பட்டம் ஆணைக்குழு அங்கீகரித்தது, அதனால் சட்டக் கல்லூரிக்கும் போகலாம்" என்று ஒருவர் சொன்னால், இரண்டாவது கதவுக்கு முதல் கதவின் சாவியைக் காட்டுகிறார்.

மூன்றாவது கதவு உயர் நீதிமன்றம். சட்டக் கல்லூரியின் பரீட்சைகளும் செயன்முறைப் பயிற்சியும் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதப் பயிலுநர் காலமும் முடிந்தபின் அங்கேதான் சத்தியப்பிரமாணம். புது நிறுவனத்தின் கையேடு இதைப் பற்றிப் பேசவே பேசாது. பேசவேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. உங்கள் காலக் கணக்கில் மட்டும் இதைச் சேர்க்க மறக்கவேண்டாம்.

வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தியாவில் சட்டப் படிப்புக்கு அனுமதி கொடுப்பது இந்திய வழக்கறிஞர் கழகம். அங்கே படித்து முடித்தாலும் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி வழக்கறிஞராகப் பதிவாவது அடிப்படையில் இந்தியக் குடிமக்களுக்கு. பிற நாட்டவருக்கு அந்த நாடு இந்தியருக்குத் தரும் அதே உரிமையைப் பொறுத்தே இடம் உண்டு. அமெரிக்காவில் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் புதிய சட்டப் பள்ளிக்கு முதலில் தற்காலிக அங்கீகாரம்தான் கொடுக்கும். அந்தக் காலத்தில் பட்டம் பெறுகிறவர்கள் முழு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படித்தவர்களுக்குச் சமமாகவே நடத்தப்படுவார்கள். ஆனால் உங்கள் பட்டம் முடிவதற்குள் அந்த அங்கீகாரம் பறிபோனால் நிலைமை வேறு. "தற்காலிகம்" என்ற சொல்லைப் பார்த்துப் பயந்து ஓடவும் வேண்டாம், பாராமல் விடவும் வேண்டாம்.

3. பதிலை எழுத்தில் வாங்குங்கள்

தொலைபேசியில் கேட்டால் நல்ல பதில் வரும். வாட்சப்பில் கேட்டால் இன்னும் நல்ல பதில் வரும், பக்கத்தில் ஒரு பூவும் வரும். இரண்டும் நான்கு வருடம் கழித்து எதற்கும் உதவாது.

சட்டக் கல்லூரியின் பதிவாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். நீளம் வேண்டாம், இவ்வளவு போதும்:

"நான் (நிறுவனத்தின் பெயர்) ஊடாக (பல்கலைக்கழகத்தின் பெயர்) வழங்கும் (பட்டத்தின் முழுப் பெயர்) கற்கைநெறியில் (ஆண்டு, மாதம்) உள்வாங்கலில் சேர எண்ணியுள்ளேன். இப்பட்டத்தைப் பெறுபவர் இலங்கை சட்டக் கல்லூரிக்கு அனுமதிக்கப்படுவாரா, ஆமெனில் எந்தப் பரீட்சைகளிலிருந்து விலக்களிக்கப்படுவார் என்பதை எழுத்தில் அறியத் தருமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

உள்வாங்கலின் ஆண்டைப் போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கீகாரம் குறிப்பிட்ட ஒரு நாளிலிருந்துதான் செல்லும். உங்களுக்கு முந்திய பிரிவுக்கு இல்லாதது உங்களுக்கு இருக்கலாம். உங்களுக்கு இருப்பது இடையில் விதி மாறினால் இல்லாமலும் போகலாம்.

பதில் வர நாளாகும். ஒரு மாதம் பொறுத்து ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் யாராவது ஒருவர் நேரில் போய்வருவது நல்லது. திருகோணமலையிலிருந்து இரவுத் தபால் ரயிலில் ஏறினால் விடியக் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம், வேலையை முடித்துக்கொண்டு அன்றிரவே திரும்பலாம். ஒரு நாள் அலைச்சல் ஒரு வருட இழப்பை விட மலிவு.

அதே கேள்வியை நிறுவனத்திடமும் எழுத்தில் கேளுங்கள். "அங்கீகாரம் நீங்கினால் மாணவருக்கு என்ன ஏற்பாடு, கட்டணம் திருப்பித் தரப்படுமா" என்று கூடவே ஒரு வரி சேருங்கள். அவர்கள் எரிச்சற்பட்டால் அதையும் கொப்பியில் எழுதுங்கள்.

4. புதியது என்பதால் வரும் குறைகளைத் தனியாக எடைபோடுங்கள்

மூன்று கதவும் திறக்கும் என்று தெரிந்துவிட்டதா? சரி, இப்போதுதான் நிறுவனத்தையே பார்க்கவேண்டும். புதியது எல்லாம் கெட்டதல்ல. முதல் பிரிவுப் பிள்ளைகளை விரிவுரையாளர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், கட்டணத்தில் கழிவும் கிடைக்கலாம். ஆனால் பழைய இடத்தில் நீங்கள் கேட்கத் தேவையில்லாத சில கேள்விகளை இங்கே கேட்டே ஆகவேண்டும்.

ஒரு பிரிவாவது படித்து முடித்து வெளியே போயிருக்கிறதா? போயிருந்தால் அவர்களில் எத்தனை பேர் சட்டக் கல்லூரிக்குள் நுழைந்தார்கள்? சேர்ந்தவர்களின் எண்ணிக்கையையும் கேளுங்கள். எண்பது பேர் சேர்ந்து பத்துப் பேர் முடித்த இடத்தில் "எங்கள் பட்டதாரிகள் அனைவரும் சித்தி" என்று சொல்வது பொய்யில்லை, உண்மையும் இல்லை.

முழுநேர விரிவுரையாளர்கள் எத்தனை பேர்? தொழில் செய்யும் சட்டத்தரணிகள் வருகை விரிவுரையாளராக வருவது நல்ல விஷயம்தான். எல்லோருமே அப்படியென்றால், வழக்கு நீளும் நாளில் வகுப்பு இல்லை. அட்டவணையைக் கேட்கவேண்டாம், போன தவணையில் எத்தனை வகுப்பு உண்மையில் நடந்தது என்று இரண்டாம் ஆண்டுப் பிள்ளையிடம் கேளுங்கள். அந்தப் பிள்ளையை நிறுவனம் தெரிவுசெய்து தரக் கூடாது. வாசலில் தேநீர்க் கடையில் நின்றால் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

நூலகத்தில் புதிய சட்ட அறிக்கைத் தொகுதிகள் இருக்கின்றனவா, இணையத் தரவுத்தளத்துக்குச் சந்தா கட்டுகிறார்களா என்று பாருங்கள். அலுமாரி நிறையப் பழைய பதிப்புகள் இருந்தால் அவை படத்துக்காக வைத்தவை.

இந்தப் படியில் ஒரு பக்கத்துக்குமேல் எழுதாதீர்கள். குறைகளை எண்ணிக்கொண்டே போனால் எந்த இடமும் தேறாது. எனக்குக் கடைசியில் முக்கியமாகப் படுவது இரண்டுதான்: முடித்தவர்களின் எண்ணிக்கையும், உண்மையில் நடந்த வகுப்புகளின் எண்ணிக்கையும்.

5. இதே கதவு வேறு வழியில் திறக்குமா என்று பாருங்கள்

இடம் மாறுவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்கவேண்டும். நம்மவர்கள் அதிகம் தவறவிடுவதும் இதைத்தான்.

அரச பல்கலைக்கழக அனுமதியில் திருகோணமலை கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ள 16 மாவட்டங்களில் ஒன்று. சட்டத்துக்கு மாவட்ட வாரியாக இசட் வெட்டுப்புள்ளி வெளிவரும். கொழும்புப் பிள்ளைக்குப் போதாத புள்ளி இங்கே போதுமானதாக இருக்கலாம். சட்டத்துக்குச் சாதாரண தர ஆங்கிலத்தில் திறமைச் சித்தியும் பார்ப்பார்கள், அதை முதலில் சரிபாருங்கள். மயிரிழையில் தவறிய பிள்ளை இன்னொரு முறை உயர்தரம் எழுதுவதா, உடனே பணம் கட்டிப் போவதா என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். என் அபிப்பிராயம் கேட்டால், வித்தியாசம் சிறிதாக இருந்து வயதும் இருந்தால் ஒரு முறை திரும்ப எழுதலாம். ஊரில் இருந்தபடி போகும் ஒரு வருடம், ஊரை விட்டுப் போய் இழக்கும் ஒரு வருடத்தை விட மலிவு.

சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை இரண்டாவது வழி. பட்டம் இல்லாமல் நேரே அதை எழுதலாம். மொழித் திறன், பொது அறிவு, நுண்ணறிவு சோதிக்கும் போட்டிப் பரீட்சை அது. ஊரில் இருந்தே ஆயத்தப்படுத்தலாம், கிடைத்தபின் மூன்று வருடப் படிப்புக்குக் கொழும்பு போகலாம். அப்போது மாறும் இடம் ஒன்றுதான், கதவும் ஒன்றுதான்.

திறந்த பல்கலைக்கழகம் மூன்றாவது. வேலை செய்துகொண்டு படிக்கிறவர்களுக்கு அதைவிடப் பொருத்தமானது குறைவு. ஆனால் எந்த வகுப்புக்கு, எந்தப் பரீட்சைக்கு எந்த மையத்துக்குப் போகவேண்டியிருக்கும் என்று பதிவுக்கு முன்பே கேளுங்கள். மாதத்தில் இரண்டு முறை அதன் தலைமை வளாகம் இருக்கும் நாவலைக்குப் போய்வருவது ஒன்று, ஒவ்வொரு சனி ஞாயிறும் போய்வருவது வேறொன்று.

நம்மூர்ப் பக்கம் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருக்கிறதே, அங்கே படிக்கலாமா என்று கேட்பார்கள். அங்கே சித்த மருத்துவம் உண்டு, சட்டம் இல்லை.

6. எந்த மொழியில் படித்து எந்த மொழியில் வாதாடப்போகிறீர்கள்?

அரசியலமைப்பின்படி வடக்கு கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிர்வாக மொழி, நம் நீதிமன்றங்களில் பதிவும் தமிழில்தான் நடக்கிறது. மூதூரிலிருந்து காணி வழக்குக்கு வரும் ஐயாவிடம் ஆங்கிலத்தில் உறுதியை விளக்கி ஒரு பயனும் இல்லை. மேன்முறையீட்டுக்குக் கொழும்பு போனால் எல்லாம் ஆங்கிலம்.

சட்டக் கல்லூரிப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். அதை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கு விதி கொண்டுவந்தபோது 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அதைத் தோற்கடித்தது. ஆனால் வெளிநாட்டுப் பட்டம் தரும் தனியார் நிறுவனங்களில் படிப்பும் பரீட்சையும் ஆங்கிலத்தில்தான். பல்கலைக்கழகங்களிலும் ஆங்கிலத்தின் எடை அதிகம்.

சோதிக்க எளிய வழி ஒன்று: உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை இணையத்திலிருந்து இறக்கிப் பத்துப் பக்கம் வாசித்து, நடந்தது என்ன, நீதியரசர் என்ன சொன்னார் என்று தமிழில் அரைப் பக்கம் எழுதுங்கள். ஒரு நாளில் முடிந்தால் பயமில்லை. மூன்று நாள் ஆனால், போவதற்கு முன் ஆறு மாதம் ஊரிலேயே ஆங்கிலத்துக்குக் கொடுங்கள். முதல் தவணையில் திரும்பி வந்த பிள்ளைகளில் அதிகம் பேர் சட்டம் விளங்காமல் வரவில்லை, வாசித்து முடிக்க முடியாமல்தான் வந்தார்கள்.

7. பணக் கணக்கைக் கதவு திறக்கும் நாள் வரை போடுங்கள்

எல்லோரும் பட்டம் முடியும் நாள் வரை கணக்குப் போடுவார்கள். உழைப்பு வரத் தொடங்குவது அதற்குப் பிறகு நெடுநாள் கழித்து. மூன்று அல்லது நான்கு வருடப் பட்டம், பிறகு சட்டக் கல்லூரிப் பரீட்சைகள், பிறகு ஆறு மாதப் பயிலுநர் காலம், பிறகு ஒரு மூத்தவரிடம் கனிஷ்டராக நின்று வழக்குக் கிடைக்கும் வரை காலம். ஐந்து வருடத்துக்குக் குறைவாகக் கணக்குப் போட்டால் நீங்களே உங்களை ஏமாற்றுகிறீர்கள்.

ஒரு தாளில் மூன்று நிரல் போடுங்கள். முதலாவதில் ஒரு தடவை கட்டுவது: பதிவுக் கட்டணம், அறை முற்பணம், கட்டில் மெத்தை, மடிகணினி. இரண்டாவதில் மாதம் மாதம் போவது: வாடகை, சாப்பாடு, பஸ், தொலைபேசி டேட்டா. மூன்றாவது நிரல்தான் வீட்டைக் கவிழ்ப்பது: வெளிநாட்டு நாணயத்தில் கட்டவேண்டியவை. 2022இல் சில மாதத்துக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. அந்த வருடம் பவுணில் பரீட்சைக் கட்டணம் கட்டவேண்டியிருந்த வீடுகளில் நகை அடகுக்குப் போனது எனக்குத் தெரியும். மூன்றாவது நிரலில் இன்றைய விலையோடு ஒரு பங்கு கூட்டி எழுதுங்கள்.

அரச பல்கலைக்கழகத்துக்குப் போனால் மகாபொல புலமைப்பரிசில் கிடைக்கலாம். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அது மாதம் 7500 ரூபா ஆக்கப்பட்டது. கொழும்பில் அறை வாடகைக்குக் காணாது, ஆனாலும் மாதாமாதம் வருவது பெரிய ஆறுதல். தனியார் நிறுவனங்களுக்கான வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்தை நம்பிப் போகிறவர்கள், அந்த நிறுவனமும் அந்தப் பாடநெறியும் அந்த வருடப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்த்தபிறகே நம்பவேண்டும்.

காணியை விற்றுப் படிப்பிக்கும் எண்ணம் இருந்தால் இதை மட்டும் கேளுங்கள். நிலாவெளிப் பக்கத்துக் காணியை அவசரத்துக்கு விற்றால் அவசர விலைதான் கிடைக்கும். முதல் வருடத்துக்குத் தேவையானதை வேறு வழியில் தேடிக்கொண்டு, பிள்ளை முதல் வருடம் சித்தியடைந்த பிறகு விற்பனையைப் பற்றிப் பேசுங்கள்.

8. ஒரு கிழமை போய் இருந்து பாருங்கள்

விடுமுறையில் போகவேண்டாம், வகுப்பு நடக்கும் கிழமையில் போங்கள். திங்கள் காலை அறையிலிருந்து நிறுவனத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, இரவு எட்டு மணிக்குத் திரும்பி வரும் வழி எப்படி, பக்கத்தில் நம் சாப்பாடு கிடைக்கிறதா, அறையில் படிக்க வெளிச்சமும் அமைதியும் இருக்கிறதா என்று பாருங்கள். பெண் பிள்ளையென்றால் அம்மாவும் கூடப் போய் இரண்டு இரவு தங்குவது நல்லது. அவர் பார்ப்பது வேறு, பிள்ளை பார்ப்பது வேறு.

கொழும்பு சாலை வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று போகும். யாழ்ப்பாணம் வவுனியா ஊடாக 230 கிலோமீற்றர் அளவில், பேராதனை 180 அளவில். தூரத்தை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். நோய் வந்தால் யார் வருவார்கள் என்று பாருங்கள். யாழ்ப்பாணத்தில் சித்தி இருக்கிற பிள்ளைக்கு யாழ்ப்பாணம் பக்கம். கொட்டாஞ்சேனையில் மாமா இருந்தால் கொழும்பு பக்கம்.

ஆனால் சொந்தக்காரர் வீட்டில் தங்குவதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். முதல் மூன்று மாதம் இனிக்கும். அதற்குப்பிறகு பரீட்சைக் காலத்தில் அந்த வீட்டில் ஒரு சாமத்திய வீடோ கலியாணமோ வரும், நீங்கள் பந்தல்காரனுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டு நிற்பீர்கள். முதலிலேயே எவ்வளவு காலம் என்று பேசி, மாதம் ஒரு தொகையும் கொடுத்துவிடுங்கள். மாமி வேண்டாம் என்பார், கொடுங்கள்.

9. முடிவெடுக்கும் நாளையும் விலகும் நாளையும் குறியுங்கள்

இரண்டு திகதி நாட்காட்டியில் விழவேண்டும். முதலாவது, போவதா இல்லையா என்று வீட்டில் தீர்மானிக்கும் நாள். அது நிறுவனத்தின் "கடைசிச் சலுகைத் திகதி"யாக இருக்கக் கூடாது. சட்டக் கல்லூரியின் கடிதம் கையில் கிடைத்து ஒரு கிழமை கழித்து வையுங்கள்.

இரண்டாவது, விலகும் நாள். "முதல் வருடப் பரீட்சையில் இவ்வளவு பாடம் தவறினால்", "அங்கீகாரத்தில் இப்படி ஒரு மாற்றம் வந்தால்", "பணம் இந்த எல்லையைத் தாண்டினால்" திரும்பி வருவோம் என்று போவதற்கு முன்பே எழுதிவைக்கவேண்டும். இடையில் எழுத முடியாது. இவ்வளவு செலவழித்துவிட்டோமே என்ற எண்ணமும் ஊரில் கேட்பார்களே என்ற கூச்சமும் அப்போது எழுத விடாது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, பட்டம் எந்தக் கதவையும் திறக்காது என்று தெரிந்த பிறகும் இரண்டு வருடம் அங்கேயே இருந்தான். கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தால் கேட்பார்கள் என்று திருவிழாவுக்கும் வரவில்லை.

10. போவதென்று முடிவானால், இந்த வரிசையில்

முதலில் பதிவு, பற்றுச்சீட்டு, பிரிவு தொடங்கும் திகதி எழுத்தில். அதற்குப் பிறகே அறை. நான் அறைக்கு ஆறு மாத முற்பணம் கொடுத்த பின்னர், பிரிவு தொடங்குவது மூன்று மாதம் தள்ளிப்போனது. வெறும் அறைக்கு வாடகை ஓடியது. வாடகைக்கு உடன்படிக்கை எழுதுங்கள், முற்பணம் எப்போது எப்படித் திரும்பும் என்ற வரி அதில் இருக்கவேண்டும். சட்டம் படிக்கப் போகிறவர்கள் வாய்ப்பேச்சில் வாடகைக்குப் போவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

வேலையில் இருப்பவர்கள் இராஜினாமாக் கடிதத்தைக் கடைசியில் கொடுங்கள். சம்பளமில்லா விடுமுறை கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

வாக்காளர் பதிவையும் நிரந்தர முகவரியையும் ஊரிலேயே வைத்திருப்பதா என்று கிராம உத்தியோகத்தரோடு பேசுங்கள். பிறகு திரும்பி வந்து பிரசித்த நொத்தாரிசாகவும் (காணி உறுதி போன்றவற்றை எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) வேலை செய்ய எண்ணமிருந்தால், அந்த அதிகாரப் பத்திரம் குறிப்பிட்ட பிரதேசத்துக்கும் மொழிக்குமே வழங்கப்படும் என்பதையும் இப்போதே தெரிந்துவைத்திருங்கள்.

போவதற்கு முன் ஒரு நாள் திருகோணமலை நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள். திறந்த நீதிமன்றம்தானே, யாரும் தடுக்கமாட்டார்கள். பின்வரிசையில் இருந்து பார்த்துவிட்டு, மதிய இடைவேளையில் ஒரு மூத்த சட்டத்தரணியிடம் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். பயிலுநர் காலத்தை ஊரிலேயே செய்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கதவைத் தட்டுவதற்கு ஐந்து வருடம் காத்திருக்கத் தேவையில்லை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவர் அலுவலகத்தில் கோப்புத் தூக்கினால், புத்தகத்தில் விளங்காதது அங்கே விளங்கும்.

சான்றிதழ்களின் மூலப் பிரதிகளை நிறுவனத்திடம் விட்டுவிடாதீர்கள். காட்டிவிட்டு உறுதிப்படுத்திய பிரதியைக் கொடுத்தால் போதும். "கோப்புக்கு வேண்டும்" என்று மூலத்தைக் கேட்டால், எந்த விதியில் அப்படி இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். மூலங்களை ஒரு தடித்த உறையில் போட்டு, அம்மாவின் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டுப் போங்கள்.